ஷூ சோலுக்கு ரிப்போர்ட் கேட்கிறோம், இதற்கு ஏன் கேட்பதில்லை?

கேள்வி: டாக்டரம்மா, எனக்கு வயது 32. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தரம் பார்க்கும் க்யூ.சி. செக்‌ஷனில் வேலை செய்கிறேன். கணவர் பெங்களூரில் இருக்கிறார், சனி ஞாயிறுதான் வீட்டுக்கு வருவார். ஐந்து வயதில் ஒரு பையன். இப்போது இரண்டாவது குழந்தைக்குப் பார்க்கிறோம். பையன் பிறந்ததிலிருந்தே உறவின்போது எனக்கு வறட்சியும் வலியும் உண்டு. அதற்காக அவர் ஆன்லைனில் ஒரு ஜெல்லும், மெத்தென்று ரப்பர் மாதிரி ஒரு வைப்ரேட்டரும் வாங்கினார். பாக்ஸைப் பிரித்ததுமே பிளாஸ்டிக் வாடை குப்பென்று அடித்தது. தொட்டால் கையில் எண்ணெய்ப் பிசுக்கு. ஜெல் இதமான சூடு தரும் என்று எழுதியிருந்தது, எனக்கு எரிந்தது. சில தடவைக்கு அப்புறம் அரிப்பும் எரிச்சலும் நிற்கவே இல்லை. மெடிக்கல் ஷாப்பில் ஒரு ட்யூப் கொடுத்தார்கள். போட்டால் இரண்டு நாள் அடங்குகிறது, மறுபடி வருகிறது. டெட்டால் தண்ணீரில் கழுவிக்கொண்டிருக்கிறேன். எங்கள் கம்பெனியில் சோலில் தாலேட் (பிளாஸ்டிக்கை மெத்தென்று ஆக்கச் சேர்க்கும் ரசாயனம்) இருக்கிறதா என்று டெஸ்ட் ரிப்போர்ட் வராமல் சரக்கு வெளியே போகாது. இந்தப் பொருளிலும் அது இருக்குமா? குழந்தை உண்டாவதைக் கெடுக்குமா? அவர் வேலூரில் லாட்ஜில் வந்து பார்க்கும் ஒரு வைத்தியரிடம் லேகியம் வாங்கிச் சாப்பிடுகிறார். மூலிகைதானே, ஒன்றும் செய்யாது என்கிறார். இதையெல்லாம் யாரிடம் போய்க் கேட்பது என்று தெரியாமல் எழுதுகிறேன். பெயர் வேண்டாம்.
- ஒரு வாசகி, ஆம்பூர்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

வேதிப்பொருள் கணக்கை அப்புறம் பார்க்கலாம், முதலில் உங்கள் எரிச்சலை அடக்குவோம். அந்த ஜெல், அந்தக் கருவி, டெட்டால் தண்ணீர், மெடிக்கல் ஷாப் ட்யூப் எல்லாவற்றையும் இன்றே நிறுத்திவிடுங்கள். எரிச்சல் முழுதாக ஆறும் வரை உறவும் வேண்டாம்.

டெட்டாலை முதலில் சொல்கிறேன், ஏனென்றால் அதை நல்லது என்று நம்பித்தான் செய்துகொண்டிருக்கிறீர்கள். பிறப்புறுப்பின் உள்ளே லாக்டோபேசிலஸ் என்ற நல்ல பாக்டீரியா வாழ்கிறது. அது சுரக்கும் லாக்டிக் அமிலத்தால் அங்கே பி.எச். அளவு 3.8 முதல் 4.5 வரை இருக்கும். கெட்ட கிருமிகள் அங்கே காலூன்ற முடியாமல் போவது அந்த அமிலத்தால்தான். கிருமிநாசினிக்கு நல்லது கெட்டது தெரியாது, எல்லாவற்றையும் கொல்லும். ஏற்கெனவே புண்பட்ட தோலையும் சுடும். சோப்பு காரத்தன்மை உள்ளது, அதுவும் உள்ளே போகக் கூடாது. 'இன்டிமேட் வாஷ்' என்று வாசனை போட்டு விற்பவையும் தேவையில்லை. வெளிப்பக்கம் மட்டும் வெறும் தண்ணீரில் கழுவினால் போதும்.

அந்த ட்யூபின் பெயரை நீங்கள் எழுதவில்லை. ஆனால் போட்டதும் இரண்டு நாள் அடங்கி மறுபடி வருகிறது என்றால், அதில் வீரியமான ஸ்டீராய்டு இருக்கவே வாய்ப்பு அதிகம். ஸ்டீராய்டோடு பூஞ்சை மருந்து ஒன்று, ஆன்டிபயாடிக் ஒன்று என்று மூன்றையும் ஒரே ட்யூபில் அடைத்து விற்கிறார்கள். ஸ்டீராய்டு சிவப்பையும் அரிப்பையும் மறைத்துவிடும், பூஞ்சை இருந்தால் அது அடியில் வளர்ந்துகொண்டே இருக்கும். நாளாக நாளாகத் தோல் காகிதம் போல மெலிந்துவிடும். பிறப்புறுப்புத் தோல் மற்ற இடத்துத் தோலைவிட மருந்தை அதிகமாக உறிஞ்சும் என்பதால் அங்கே இது இன்னும் சீக்கிரம் நடக்கும். இந்த ஸ்டீராய்டு களிம்புகளை 2018-ல் மத்திய அரசு ஷெட்யூல் எச்-க்குள் கொண்டுவந்தது. டாக்டர் சீட்டு இல்லாமல் கொடுக்கக் கூடாது. இருந்தும் கவுன்டரில் கேட்டதும் எடுத்துக் கொடுத்துவிடுகிறார்கள். நம் பக்கத்து வெயிலில், ஷிஃப்ட் முழுக்க யூனிஃபார்மில் நின்று வேலை பார்க்கும் பெண்கள் தொடை இடுக்கு அரிப்புக்கு இந்த ட்யூபையே வாங்கி வாங்கிப் போட்டுவிட்டு, முற்றிய பிறகுதான் எங்களிடம் வருகிறார்கள். பார்க்கும்போதெல்லாம் மனம் கஷ்டப்படுகிறது.

சரி, உங்களுக்கு இருப்பது எது? ஜெல்லோ பிளாஸ்டிக்கோ ஒத்துக்கொள்ளாமல் வந்த தோல் அழற்சியாக இருக்கலாம். அதன்மேல் ஏறிய பூஞ்சையாகவும் இருக்கலாம். தயிர் திரிந்தது போல வெள்ளையாகத் திட்டுத் திட்டாகப் பட்டு அரித்தால் பூஞ்சை என்று சந்தேகிப்போம். சாம்பல் நிறத்தில் நீர்த்து, மீன் வாடை அடித்தால் பாக்டீரியா பிரச்சினை. மஞ்சள் பச்சையாக நுரைத்து வந்தால் உறவால் தொற்றும் ட்ரைக்கோமோனாஸ் என்ற கிருமி. அதற்குக் கணவருக்கும் சேர்த்து மருந்து கொடுக்க வேண்டும். இதை நீங்களாக முடிவு கட்ட வேண்டாம். ஒரு பி.எச். தாள், மைக்ராஸ்கோப்பில் ஒரு சொட்டு, இவ்வளவுதான் பரிசோதனை. ஆம்பூர் அரசு மருத்துவமனையில் காட்டலாம். வேலூர் வர முடிந்தால் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மகளிர் பிரிவும் தோல் பிரிவும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. காய்ச்சல், அடிவயிற்று வலி, கொப்புளம், புண், ரத்தக் கசிவு இதில் எது இருந்தாலும் அன்றைக்கே போய்விடுங்கள். மாதவிலக்கு தள்ளிப்போயிருந்தால் அதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.

எப்படிச் சொல்வது என்பதுதான் உங்கள் தயக்கம் என்று கடிதத்திலேயே தெரிகிறது. எங்கள் ஓ.பி.யில் பெரும்பாலான பெண்கள் "உடம்பு சூடு டாக்டர், நீர்க்கடுப்பு மாதிரி இருக்கு" என்றுதான் ஆரம்பிப்பார்கள். வெந்தயம் ஊறவைத்துக் குடித்தேன், இளநீர் குடித்தேன் என்று சொல்லிக்கொண்டே வந்து, சீட்டு எழுதி முடித்த பிறகுதான் விஷயத்தைச் சொல்வார்கள். நீங்கள் "புதுசா ஒரு ஜெல் போட்டோம், அதிலிருந்து எரியுது" என்று சொன்னாலே போதும். டியூட்டி டாக்டருக்கு அதுவே பாதி வேலையை முடித்துவிடும். ஜெல்லின் அட்டைப் பெட்டியைக் கையோடு கொண்டுபோங்கள். அதிலுள்ள பொருள் பட்டியலைப் பார்த்தால்தான் எது ஒத்துக்கொள்ளவில்லை என்று கண்டுபிடிக்க முடியும்.

இப்போது ஜெல்லைப் பார்ப்போம். இந்த வகை ஜெல்களில் பெரும்பாலும் கிளிசரினும் புரோப்பிலீன் கிளைகாலும் நிறையச் சேர்த்திருப்பார்கள். இரண்டுமே தண்ணீரை இழுப்பவை. ஜெல் அளவுக்கு மீறி அடர்த்தியாக இருந்தால், உள்சுவரின் செல்களிலிருந்து தண்ணீரை உறிஞ்சிவிடும். செல்கள் சுருங்கி உரிந்து வரும். தடவியபோது வழவழவென்று இருந்தது, மறுநாள் முன்னைவிடக் காய்ந்துபோய் எரிகிறது என்று பலர் சொல்வது இதனால்தான். உரிந்த இடம் கிருமிக்கும் வாசல். இந்த அடர்த்தியை ஆஸ்மோலாலிட்டி என்று அளப்பார்கள். உலக சுகாதார நிறுவனம் 2012-ல் கொடுத்த அறிவுரையில் அது 380-க்குள் இருப்பது நல்லது, எப்படியும் 1,200-ஐத் தாண்டக் கூடாது, பிறப்புறுப்புக்கான ஜெல்லின் பி.எச். 4.5-ஐ ஒட்டி இருக்க வேண்டும் என்று சொன்னது. நம் கடைகளில் கிடைக்கும் ஜெல்களில் பெரும்பாலானவற்றின் மேல் இந்த எண்கள் இருப்பதில்லை. ஆகவே பட்டியலைத்தான் படிக்க வேண்டும். தண்ணீருக்கு அடுத்தபடியாகவே கிளிசரினோ புரோப்பிலீன் கிளைகாலோ வந்தால் வேண்டாம். ஹைட்ராக்ஸி எத்தில் செல்லுலோஸ் முன்னால் வந்தால் நல்லது. குளோர்ஹெக்ஸிடின் என்று இருந்தால் அதுவும் கிருமிநாசினிதான், நல்ல பாக்டீரியாவை விடாது. சூடு, குளிர்ச்சி, இறுக்கம், வாசனை, பழச்சுவை என்று எது எழுதியிருந்தாலும் அந்த டப்பாவைத் திருப்பி வைத்துவிடுங்கள். சூடு என்று அவர்கள் விற்பதே தோலைச் சீண்டி வரவைக்கும் உணர்ச்சிதான்.

குழந்தைக்கு முயற்சி செய்யும் உங்களுக்கு இன்னொன்றும் முக்கியம். சாதாரண ஜெல்கள் பல விந்தணுவின் ஓட்டத்தைக் குறைக்கும். எச்சிலும் அப்படித்தான். விந்தணுவைப் பாதிக்காது என்று சோதித்த ஜெல்கள் தனியாக இருக்கின்றன, டாக்டரிடம் கேட்டு வாங்குங்கள். விந்தணுவைக் கொல்லவே சேர்க்கும் நானாக்ஸினால்-9 என்ற பொருளை இதைப் படிக்கும் மற்றவர்களும் தவிர்க்க வேண்டும். ஒரு காலத்தில் அது எச்.ஐ.வி.யையும் தடுக்கும் என்று நம்பினார்கள். ஆப்பிரிக்காவில் பாலியல் தொழிலில் இருந்த பெண்களிடம் சோதித்தபோது, அடிக்கடி பயன்படுத்தியவர்களுக்கு எச்.ஐ.வி. தொற்று கூடியது. அந்த ரசாயனம் உள்சுவரைப் புண்ணாக்கிவிடுகிறது.

தேங்காய் எண்ணெய் போடலாமா என்று நிறையப் பேர் கேட்பார்கள். காண்டம் போடாத தம்பதிகளுக்கு, வாசனை சேர்க்காத சுத்தமான எண்ணெயால் நச்சு பயம் இல்லை. ஆனால் லேட்டக்ஸ் காண்டமோடு எந்த எண்ணெயும் சேரக் கூடாது. மினரல் ஆயில் பட்ட ஒரு நிமிடத்துக்குள்ளேயே லேட்டக்ஸின் வலு பெருமளவு போய்விடும் என்று 1980-களிலேயே சோதித்துக் காட்டிவிட்டார்கள். வாஸலினும் வேண்டாம்.

இவ்வளவு சொன்னாலும், எனக்கு உங்கள் கடிதத்தில் அதிகம் உறுத்தியது ஜெல் இல்லை. ஐந்து வருஷமாக உறவின்போது வலி என்று ஒரே வரியில் எழுதிவிட்டுக் கடந்துவிட்டீர்கள். பால் கொடுக்கும் காலத்தில் ஈஸ்ட்ரோஜன் குறைந்து வறட்சி வருவது சகஜம், பால் நிறுத்தியதும் அது சரியாக வேண்டும். உங்களுக்குச் சரியாகவில்லை என்றால் காரணம் தேட வேண்டும். சுகப்பிரசவம் என்றால், தையல் போட்ட இடத்தில் தழும்பு இறுகியிருக்கலாம். விரலால் தொட்டுப் பார்த்தாலே தெரியும், சரி செய்யவும் முடியும். வலிக்குமோ என்ற பயத்திலேயே இடுப்புத் தசைகள் இறுகிக்கொள்வது உண்டு, அதற்கு ஃபிசியோதெரபி இருக்கிறது. தைராய்டு, சர்க்கரை, நாள்பட்ட சளி அலர்ஜி மாத்திரை, மனச்சோர்வு மாத்திரை எல்லாம் வறட்சியைக் கொடுக்கும். அப்புறம், வாரம் முழுக்க வேலை பார்த்துக் களைத்த இரண்டு பேர், சனிக்கிழமை ராத்திரி பையன் தூங்கினதும் அவசர அவசரமாகச் சேர்ந்தால் உடம்பு தயாராக நேரம் ஏது? இதைக் கணவரோடு பேசுங்கள். ஜெல் ஒரு துணை. ஐந்து வருஷத்து வலியை அதன் பொறுப்பில் விட முடியாது.

தாலேட் இருக்குமா என்று கேட்டீர்கள். வாடையும் பிசுக்கும் நீங்கள் எழுதிய மாதிரியே என்றால், இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. உங்கள் தொழிலில் பார்த்ததுதான்: பி.வி.சி. தன் இயல்பில் தண்ணீர்க் குழாய் போலக் கெட்டியானது. அதை மெத்தென்று ஆக்க எண்ணெய் மாதிரியான தாலேட்டைக் கலக்கிறார்கள். அது பிளாஸ்டிக்கோடு வேதியியல் ரீதியாகப் பிணைவதில்லை, நடுவில் சும்மா தங்கியிருக்கும். முறுக்கைக் காகிதத்தில் வைத்தால் எண்ணெய் ஊறி வருவது போல, அது வெளியே கசிந்துகொண்டே இருக்கும். சூடும் எண்ணெய்ப் பசையும் பட்டால் இன்னும் வேகமாக வரும். உங்கள் கையில் ஒட்டிய பிசுக்கு பெரும்பாலும் அதுதான். 2006-ல் கிரீன்பீஸ் என்ற சுற்றுச்சூழல் அமைப்பு நெதர்லாந்தில் எட்டுப் பாலுறவுக் கருவிகளைச் சோதித்தது. ஏழில் தாலேட் இருந்தது, எடையில் 24 முதல் 51 சதவீதம் வரை. பாதிப் பொருளே அதுதான் என்கிற அளவு.

இதை நீங்கள் சோலில் பார்க்கும் கணக்கோடு வைத்துப் பாருங்கள். ஐரோப்பாவுக்குப் போகும் பொருளில் டி.இ.எச்.பி., டி.பி.பி., பி.பி.பி., டி.ஐ.பி.பி. என்ற நான்கு தாலேட்டும் சேர்ந்து 0.1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று 2020 ஜூலை முதல் சட்டம். இந்த நான்கையும் இனப்பெருக்கத்துக்குக் கேடு செய்பவை என்று அங்கே வகைப்படுத்தியிருக்கிறார்கள். விலங்குச் சோதனைகளில் கருவிலிருக்கும் ஆண் குட்டிகளின் ஹார்மோனை அவை குறைத்தன. நம் நாட்டிலும் பொம்மைகளுக்கு 2021 ஜனவரி முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம், அதற்கான தரத்தில் தாலேட் வரம்பும் உண்டு. உங்கள் பையன் பொம்மைக்கு முத்திரை இருக்கிறது. ஐரோப்பாவில் யாரோ காலில் போடப்போகும் ஷூவுக்கு, தாலேட்டுக்கும், தோலில் தேடும் 'குரோமியம் ஆறு' என்ற நச்சுக்கும் ரிப்போர்ட் இருக்கிறது. உங்கள் உடம்புக்குள் போகும் பொருளுக்கு ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. இது எனக்குக் கோபத்தையே தருகிறது. காலின் தோல் தடித்தது, நடுவில் சாக்ஸும் இருக்கிறது. பிறப்புறுப்பின் உள்சுவரோ மெல்லியது, ரத்த ஓட்டம் மிகுந்தது. அங்கே வைக்கும் மருந்து கல்லீரலுக்குப் போகாமல் நேரே ரத்தத்தில் கலக்கும் என்பதால்தான் நாங்கள் ப்ரொஜெஸ்டிரோன் மாத்திரையை அந்த வழியாகக் கொடுக்கிறோம். மருந்து போகும் வழியில் மற்றதும் போகும்.

ஏன் இப்படி ஆயிற்று? நம் நாட்டில் இந்தக் கருவிகளை விற்கக் கூடாது என்று நேரடியான சட்டம் இல்லை. ஆனால் ஆபாசப் பொருள் சட்டத்தின் பயத்தில் 'பாடி மசாஜர்' என்றும் 'நாவல்டி' என்றும் பெயர் மாற்றி விற்கிறார்கள். சுங்கத் துறை அப்படி ஒரு சரக்கைப் பிடித்து வைத்த வழக்கில், பாடி மசாஜரை ஆபாசப் பொருள் என்று சொல்ல முடியாது என 2024-ல் பம்பாய் உயர் நீதிமன்றம் தீர்ப்பு கொடுத்தது. பெட்டியில் 'நாவல்டி, வேடிக்கைக்கு மட்டும்' என்று போட்டுவிட்டால், உடம்புக்குள் பயன்படுத்தினால் பொறுப்பு எங்களுடையது இல்லை என்று விற்பவர் கை கழுவிக்கொள்ளலாம் என்று நினைக்கிறார். இந்தக் கருவிகளுக்கென்றே ஐ.எஸ்.ஓ. 3533 என்ற சர்வதேசத் தரம் 2021-ல்தான் வந்தது. கூச்சமான பொருளை ஒழுங்குபடுத்தவே முடியாது என்றும் இல்லை. காண்டத்தைப் பாருங்கள். நிரோத் 1968-லேயே வந்துவிட்டது. தயாரிக்க லைசென்ஸ் வேண்டும், தண்ணீர் ஊற்றி ஓட்டை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், எல்லாவற்றுக்கும் விதி இருக்கிறது. அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைக்கும் காண்டத்துக்கு இருக்கும் பாதுகாப்பு, காசு கொடுத்து வாங்கிய இந்தக் கருவிக்கு இல்லை.

குழந்தை உண்டாவதைக் கெடுக்குமா என்பதுதான் உங்கள் உண்மையான பயம். சில தடவை பயன்படுத்தியதால் ஒன்றும் ஆகிவிடாது, தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். தாலேட் உடம்பில் வருஷக்கணக்கில் தேங்கும் பொருள் இல்லை, பெரும்பகுதி ஓரிரு நாளில் சிறுநீரோடு வெளியேறிவிடும். டென்மார்க்கின் சுற்றுச்சூழல் துறை 2006-ல் இந்தக் கருவிகளை ஆராய்ந்தபோதும், எப்போதாவது பயன்படுத்துவோருக்குப் பெரிய ஆபத்து இல்லை என்றே சொன்னது. கர்ப்பிணிகளும் பால் கொடுப்பவர்களும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்று சேர்த்துச் சொன்னது. நீங்கள் கர்ப்பத்துக்குத் தயாராகிறீர்கள். கரு உருவான முதல் வாரங்களில் உங்களுக்கே தெரியாது. ஆகவே அந்தக் கருவி இனி வேண்டாம்.

உறுதியாக நிரூபணமாகாத ஒன்றுக்கு ஏன் இவ்வளவு கண்டிப்பு என்று உங்கள் கணவர் கேட்கலாம். அதற்கு நம் ஊர்த் தீர்ப்பு ஒன்றே இருக்கிறது. தோல் தொழிற்சாலைக் கழிவு பாலாற்றில் கலந்ததை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் முன்னெச்சரிக்கைக் கொள்கையை இந்த நாட்டின் சட்டமாகவே ஏற்றுக்கொண்டது. பெரும் தீங்கு வரும் என்ற அச்சம் இருந்தால் விஞ்ஞானம் முழுதாக உறுதி சொல்லும் வரை காத்திருக்கக் கூடாது, கெடுதல் இல்லை என்று காட்டும் பொறுப்பு செய்பவருடையது என்பதுதான் அதன் சாரம். ஆற்றுக்காகச் சொன்னது அது. என்னைக் கேட்டால், படுக்கையறைக்கு வரும் பொருளையும் அதே அளவுகோலால்தான் அளக்க வேண்டும்.

பின்னால் எப்போதாவது வேறு கருவி வாங்க விரும்பினால் அதில் தப்பு ஒன்றும் இல்லை. ஜெல்லி, ரப்பர், டி.பி.ஆர்., பி.வி.சி. என்று எழுதியதைத் தவிருங்கள். எந்தப் பொருளால் செய்தது என்றே எழுதாததையும் தவிருங்கள். மெத்தென்ற ரகங்களில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருக்கும், எவ்வளவு கழுவினாலும் கிருமி தங்கும். முழுக்க சிலிக்கோன், துருப்பிடிக்காத ஸ்டீல், போரோசிலிகேட் கண்ணாடி, ஏ.பி.எஸ். கெட்டி பிளாஸ்டிக் இவை பரவாயில்லை. 'பாடி சேஃப்' என்ற வார்த்தையை யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். அதை நம்பாமல், நீங்கள் கம்பெனியில் கேட்பது போலவே டெஸ்ட் ரிப்போர்ட் இருக்கிறதா என்று விற்பவருக்கு எழுதிக் கேளுங்கள். பதில் வராவிட்டால் வாங்காதீர்கள். சிலிக்கோன் கருவிக்கு சிலிக்கோன் ஜெல் போட்டால் மேற்பரப்பு கெடும், தண்ணீரில் செய்த ஜெல்தான் சரி. ஒவ்வொரு முறையும் கழுவிக் காயவைத்து எடுத்து வையுங்கள். கையிலுள்ள கருவியைத் தூக்கிப்போடும்போது கொல்லையில் போட்டுக் கொளுத்திவிடாதீர்கள். பி.வி.சி. எரிந்தால் ஹைட்ரோகுளோரிக் அமிலப் புகையும் டையாக்ஸின் என்ற நச்சும் வரும். பேட்டரியைத் தனியாகக் கழற்றிவிட்டு, காகிதத்தில் சுற்றி மக்காத குப்பையில் போடுங்கள்.

லேகியத்தைப் பற்றி அவரிடம் நேரடியாகவே சொல்லுங்கள். நான் சித்த மருத்துவத்துக்கு எதிரி இல்லை. அரசு மருத்துவமனைகளிலேயே சித்தா பிரிவு இருக்கிறது, பதிவு பெற்ற மருத்துவர் இருக்கிறார், அங்கே போய்க் காட்டட்டும். லாட்ஜில் அறை போட்டு, லேபிள் இல்லாத டப்பாவில் கொடுப்பது வேறு விஷயம். ஆண்மை பெருக்கும் மூலிகை என்று விற்பவற்றில் சில்டெனாஃபில் (வயாக்ராவில் இருக்கும் மருந்து) மாத்திரையைப் பொடித்துக் கலப்பது உலகம் முழுக்கப் பிடிபட்ட மோசடி. அளவு தெரியாமல் அதைச் சாப்பிடுகிறவர், நெஞ்சு வலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரையையும் எடுத்தால் ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகும். இன்னொரு பக்கம் ஈயம், பாதரசம். அமெரிக்காவின் பாஸ்டன் பகுதிக் கடைகளில் விற்ற ஆயுர்வேத மருந்துகளை 2004-ல் சோதித்தபோது ஐந்தில் ஒன்றில் ஈயமோ பாதரசமோ ஆர்செனிக்கோ இருந்தது. ஈயம் விந்தணுவைக் குறைக்கும். குழந்தைக்காகச் சாப்பிடும் லேகியமே குழந்தையைத் தள்ளிப்போடலாம் என்று அவருக்கு எடுத்துச் சொல்லுங்கள். பாலின்ப சக்தியைக் கூட்டுவதாக மருந்து விளம்பரம் செய்வதே 1954-ம் வருஷத்துச் சட்டப்படி குற்றம். பஸ் ஸ்டாண்ட் சுவரில் போஸ்டர் ஒட்டுகிறவர் அந்தக் குற்றத்தைச் செய்துகொண்டுதான் ஒட்டுகிறார். நீண்ட நேரம் தாக்குப்பிடிக்க என்று விற்கும் ஸ்ப்ரேவை அவர் வாங்கியிருந்தால் அதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அதில் இருப்பது பல் டாக்டர் மரத்துப்போகப் போடும் லிக்னோகெய்ன் வகை மருந்து. கழுவாமல் உறவு கொண்டால் உங்களுக்கும் மரத்துப்போகும், தோல் உரசிப் புண்ணானாலும் தெரியாது.

புகார் கொடுங்கள். ஆன்லைனில் வாங்கிய பொருளின் மேல் தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளரின் பெயர், முகவரி, எந்த நாட்டில் செய்தது, தயாரித்த மாதம் எல்லாம் இருக்க வேண்டும் என்பது விதி. உங்கள் பெட்டியில் எது இல்லையோ அதைப் போட்டோ எடுத்து வையுங்கள். பில்லையும் சேமித்து வையுங்கள். விற்பனைத் தளத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததென்று பதில் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்று 2020-ம் வருஷத்து மின்வணிக விதிகள் சொல்கின்றன. நடக்காவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மேலே போக வேண்டுமென்றால், 2019-ம் வருஷச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம். பொருளின் விலை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணமே கிடையாது. புகாரில் "தோலில் படும் சொந்த உபயோகப் பொருள், பயன்படுத்தியதில் அழற்சி" என்று எழுதினால் போதும், விவரித்துக் கூச்சப்பட வேண்டியதில்லை. மெடிக்கல் ஷாப் ட்யூபால் வந்த பாதிப்புக்கு மருந்துப் பக்க விளைவு உதவி எண் 1800-180-3024.

கடைசியாக உங்கள் இரண்டாவது குழந்தை. ஃபோலிக் ஆசிட் மாத்திரையை இப்போதே ஆரம்பித்துவிடுங்கள், கர்ப்பம் உறுதியாகும் வரை காத்திருக்க வேண்டாம். அளவு எவ்வளவு என்று, எரிச்சலுக்குக் காட்டப் போகும்போதே அந்த டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். தைராய்டு, சர்க்கரை, ஹீமோகுளோபின் மூன்றையும் அன்றைக்கே பார்த்துவிடச் சொல்லுங்கள். கணவரும் லேகியத்தை நிறுத்திவிட்டு, அடுத்த சனிக்கிழமை வரும்போது உங்களோடு கூட வரட்டும்.